திரை பேசிய தமிழ் – 12: குற்றாலத்துக்கு வந்த கேமரா, கேட்காமல் போன பேச்சு

மணிரத்னத்தின் 'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15 அன்று திரைக்கு வந்தது. கதைப்படி நாயகியின் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர். 2005-இல் ஷங்கரின் 'அந்நியன்' படக்குழு அதே ஊருக்கு வந்து, ஒரு பாட்டுக்காகப் பாறைகளில் திரை நட்சத்திரங்களின் முகங்களைப் பெரிது பெரிதாக வரைந்துவிட்டுப் போனது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் இன்றும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அந்தப் பாறைகளைப் பார்க்கிறார்கள்.

தென்காசியின் மலையும் அருவியும் வயலும் இப்படிப் பலமுறை திரைக்குப் போயிருக்கின்றன. அந்த மண்ணின் பேச்சு போனதா? மும்பையில் வளர்ந்த மதுபாலா ரோஜாவாக நடித்தார். அவருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் வேறொருவர். படம் நாடு முழுக்கப் பேசப்பட்டது, இசையில் ஒரு புதிய காலமே அதிலிருந்து தொடங்கியது. ஆனால் ரோஜா பேசிய தமிழில் தென்காசி வட்டாரத்தின் இழுவையோ, அந்தப் பக்கத்து மரியாதை விகுதிகளோ இல்லை. அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. இந்த வாரம் அந்த வரலாற்றைத் தென்காசியிலிருந்தே பார்ப்போம்.

குறவஞ்சி கண்ட மேடை

ஆளுக்கொரு பேச்சு என்பதைக் குற்றாலத்து மேடை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'குற்றாலக் குறவஞ்சி' ஆடிப் பாடுவதற்கான நாடகம். மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அதைக் கேட்டு மகிழ்ந்து கவிராயருக்கு நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று அந்த நிலத்துக்குப் பெயர்.

அந்த நாடகத்தில் கட்டியக்காரன் வருகிறான், வசந்தவல்லி வருகிறாள், தோழிகள் வருகிறார்கள், குறி சொல்லும் சிங்கி வருகிறாள், அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான். வசந்தவல்லி நிலவைப் பார்த்துப் புலம்பும் தமிழ் வேறு. சிங்கி தன் மலையின் வளத்தைச் சொல்லும் தமிழ் வேறு. வலை விரித்துப் பறவைக்குக் காத்திருக்கும் சிங்கனும் நூவனும் பேசிக்கொள்வது இன்னும் வேறு. பாத்திரத்தின் பிறப்பும் தொழிலும் அதன் வாயில் தெரிய வேண்டும் என்று கவிராயர் நினைத்திருக்கிறார். இந்த நினைப்பு நம் மண்ணிலேயே இருந்தது.

செங்கோட்டையின் இரண்டு குரல்கள்

தென்காசியிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரோடு இருந்த ஊர். தமிழ் மேடைக்கும் திரைக்கும் அந்த ஊர் இரண்டு பெரிய குரல்களைக் கொடுத்தது.

முதல் குரல் எஸ்.ஜி.கிட்டப்பா. 1906-இல் பிறந்து, சிறுவயதிலேயே மேடையேறி, கன்னையா கம்பெனி நாடகங்களில் புகழின் உச்சிக்குப் போனவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய சாரீரம் அவருடையது. கொங்கு நாட்டுக் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்கு ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்துவிட்டது. கிட்டப்பாவோ எந்தப் படத்திலும் நடிக்காமலே 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்தார். இசைத்தட்டுகளில் அவர் பாட்டு இருக்கிறது. அவர் பேசிய பேச்சு எந்தப் படச்சுருளிலும் இல்லை.

இரண்டாவது குரல் எஸ்.வி.சுப்பையா. நாடகக் கம்பெனியில் வளர்ந்து திரைக்கு வந்த குணச்சித்திர நடிகர். 1961-இல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி கணேசன் வ.உ.சி., டி.கே.சண்முகம் சுப்பிரமணிய சிவா, சுப்பையா பாரதியார். பாரதி என்றதும் ஒரு தலைமுறையின் கண்ணில் வந்து நின்ற முகம் சுப்பையாவுடையது. 'பாகப்பிரிவினை'யில் குடும்பம் உடைவதைத் தாங்காத தம்பி, 'ஆதிபராசக்தி'யில் அபிராமி பட்டர், 'அரங்கேற்ற'த்தில் வறுமையில் வாடும் புரோகிதர். எல்லாமே அவர் பேர் சொல்லும் வேடங்கள். இந்த நான்கில் ஒன்றுகூடச் செங்கோட்டைக்காரர் வேடம் இல்லை. எட்டயபுரத்துப் பாரதியை நெல்லைச் சீமையிலேயே பிறந்த ஒருவர் நடித்தும்கூட, ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யின் கதையாக இருந்தும்கூட, அந்தப் படத்தின் மொழியாக நெல்லைப் பேச்சு அமையவில்லை.

சுப்பையாவின் திறமைக்குள் அடங்காத காரியமா இது? நிச்சயம் இல்லை. தாய்வழி வந்த பேச்சு அவர் நாவிலேயே இருந்தது. அதை எடுத்து வைக்க அன்றைய திரைக்கு ஆசையில்லை, அவ்வளவுதான்.

கம்பெனி கொடுத்த தமிழ்

இந்த ஆசையின்மை வந்த வழியைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாலர் நாடகக் கம்பெனிகள்தாம் நம் முதல் இரண்டு தலைமுறை நடிகர்களின் பள்ளிக்கூடம். அந்தக் கம்பெனிகளுக்குச் சொந்த ஊர் கிடையாது. இன்றைக்கு மதுரை, அடுத்த மாதம் தஞ்சாவூர், பிறகு கொழும்பு. ஒரே வசனம் எல்லா ஊர்ச் சபையிலும் எடுபட வேண்டும். ஆகவே சொல்லைக் கணீரென்று, எழுத்தெழுத்தாக, ளகர ழகரம் பிசகாமல் சொல்லப் பையன்களைப் பழக்கினார்கள். ஊர்ப் பேச்சை நாவிலிருந்து கழற்றிவிடுவதுதான் பயிற்சியின் முதல் படி. அது ஒரு தேவையிலிருந்து பிறந்த ஒழுங்கு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு மேல் உரைநடை அலை வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து, தமிழ் அறியாமலே தமிழ்ப் படங்கள் இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கனின் 'அம்பிகாபதி' (1937) படத்துக்கு இளங்கோவன் எழுதிய வசனம் இலக்கிய நடையைத் திரையில் ஊன்றியது. 'வேலைக்காரி' (1949) மூலம் அண்ணாவும், 'மந்திரி குமாரி' (1950), 'பராசக்தி' (1952) மூலம் கலைஞரும் அதை அடுக்குமொழியாக, அரசியல் ஆயுதமாக உயர்த்தினார்கள். 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தபோது சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். கெய்ரோ விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. பாஞ்சாலங்குறிச்சியின் கதைதான். ஆனால் பாஞ்சாலங்குறிச்சியில் அப்படி யாரும் பேசியதில்லை. தமிழன் தலைநிமிர்ந்து பேச ஒரு மொழி வேண்டியிருந்த காலம் அது. கட்டபொம்மனின் வசனம் அந்தப் பசிக்குச் சோறு போட்டது.

சென்னை ஸ்டூடியோக்களில் அந்த நடை உருவாகிவந்த அதே காலத்தில், குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்கியும் ராஜாஜியும் தேடி வந்து தங்கிய வீடு அவருடையது. பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார், அதன் உயிர் குரலில் இருக்கிறது, மக்கள் பேசும் தமிழில்தான் உணர்ச்சி உண்மையாக வரும் என்பது 1954-இல் மறையும் வரை அவர் விடாமல் சொன்ன கருத்து. திரையுலகம் அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஹாலிவுட் பட்ட பாடு

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் முதல் காட்சி கண்ட 'கான் வித் த விண்ட்' அமெரிக்கத் தெற்கின் கதை. ஜார்ஜியா மாநிலத்துப் பெண் ஸ்கார்லெட்டாக நடித்த விவியன் லீ ஆங்கிலேயர், அதுவும் நம் டார்ஜிலிங்கில் பிறந்தவர். ஓர் அந்நியப் பெண்ணுக்கு எங்கள் பேச்சு வருமா என்று தென் மாநிலத்தவர் கொதித்தார்கள். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் அதை அலட்சியம் செய்யவில்லை. நாவலாசிரியர் மார்கரெட் மிட்செலின் தோழியான சூசன் மைரிக் என்ற ஜார்ஜியா பத்திரிகையாளரை வரவழைத்து, பேச்சையும் பழக்கவழக்கங்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். லீ உழைத்தார், பேச்சைப் பிடித்தார், ஆஸ்கார் வாங்கினார். அவரோடு நடித்த கிளார்க் கேபிளும் லெஸ்லி ஹோவர்டும் தெற்கத்திப் பேச்சுக்கு மெனக்கெடவில்லை. ஒரே படத்தில் இரண்டு நிலைகளையும் இன்றும் காது கொடுத்துக் கேட்கலாம்.

1964-இல் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் டிக் வான் டைக் பேசிய லண்டன் பாமரப் பேச்சை ஆங்கிலேயர்கள் அறுபது ஆண்டுகளாகக் கேலி செய்கிறார்கள். தன் பேச்சு திரையில் பிழையாக வந்தால் கேட்கிற ரசிகன் அங்கே இருந்தான். அவன் கேட்டதால்தான் பேச்சுப் பயிற்சியாளர் என்ற வேலையே அங்கு நிலைத்தது. நம் தென்காசி ரசிகன் கேட்கவில்லை. திரையில் தன் பேச்சு வரும் என்று அவன் எதிர்பார்க்கவே நாம் பழக்கவில்லை.

அருவியின் இரைச்சலும் டப்பிங் அறையும்

இன்னொரு காரணம் தொழில்நுட்பம். தொடக்ககாலப் பேசும் படங்களில் நடிகர் பேசும்போதே ஒலி பதிவானது. அதற்கு ஸ்டூடியோவின் நான்கு சுவர்கள் வேண்டும். பிறகு கையடக்கமான கேமராக்கள் வந்து படப்பிடிப்பு வெளியூர்களுக்குப் போனது. அந்தக் கேமராக்கள் கரகரவென்று சத்தம் போட்டன. போகிற இடங்களிலும் சத்தம். குற்றாலம் பேரருவிக்கு முன்னால் நின்று பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் சொல்வதே காதில் விழாது. அங்கே எப்படி வசனம் பதிவு செய்வது? ஆகவே படம் மட்டும் இங்கே எடுக்கப்பட்டது. குரல் சென்னை டப்பிங் அறையில் சேர்க்கப்பட்டது.

இப்படியாக, சினிமா கிராமத்துக்கு வந்த அதே காலத்தில் கிராமத்தின் குரல் சினிமாவை விட்டுப் போனது. உள்ளூர்க்காரர் ஒருவர் டீக்கடைக்காரராகவே நடித்தாலும், அவர் வாயசைப்புக்குச் சென்னையில் இருக்கும் ஒருவர் பேசிவிடுவார். 2004-இல் கமல்ஹாசன் 'விருமாண்டி'யை நேரடி ஒலிப்பதிவில் எடுத்தபோது, மதுரைப் பக்கத்துப் பேச்சு அத்தனை சூடாகக் காதில் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கொங்கு முதலில் வந்தது

வட்டாரப் பேச்சு நாயகனின் வாய்க்கு வந்த முதல் பெரிய நிகழ்ச்சி 1957-இல் கொங்கு நாட்டுக்கு வாய்த்தது. ஏ.பி.நாகராஜன் எழுதி, கே.சோமு இயக்கிய 'மக்களைப் பெற்ற மகராசி'யில் சிவாஜி கொங்குத் தமிழ் பேசினார். வட்டாரப் பேச்சு சிரிப்புக்கு மட்டுமே என்ற நிலையை அந்தப் படம் அசைத்தது. 1977-இல் '16 வயதினிலே' மூலம் பாரதிராஜா தெற்குக் கிராமத்துப் பேச்சையே படத்தின் மொழியாக்கினார். அந்தப் படத்தின் பெரும்பகுதி கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கம் எடுக்கப்பட்டது. மண் வேறாக இருந்தும் பேச்சு நம்மை நம்ப வைத்தது. 'ரோஜா'வில் நடந்ததற்கு நேர்மாறு இது. ஒரு ஊரைத் திரையில் நிறுத்துவதற்கு மண்ணைவிடப் பேச்சு வலிமையானது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்த இரண்டு படங்களே போதும்.

நெல்லைப் பேச்சுக்கு அப்படி ஒரு நாள் வரத் தாமதமானது. 2000-க்குப் பிறகு திருநெல்வேலி என்றாலே அரிவாள், வெள்ளைச் சட்டை, பறக்கும் சுமோ என்று ஒரு வார்ப்பு உருவானது. வசனத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு 'ஏலே' போட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதைத் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தப் பலசரக்குக் கடையில் நின்றாலும் தெரிந்துகொள்ளலாம். கடைக்காரர் வயதில் மூத்தவரை "வாங்க அண்ணாச்சி" என்பார். ஒத்த வயதுக்காரரைப் பார்த்து, "என்ன வே, இம்புட்டுப் பைய வாரீரு?" என்று கேட்பார். பொட்டலம் கட்டும் பையனிடம், "ஏலே, அங்கன என்னத்தப் பாக்க?" என்பார். அங்கே இல்லாத ஒரு பெரியவரைப் பற்றி, "அவிய நேத்தே வந்துட்டாவள்லா" என்பார். ஒரு நிமிடத்துக்குள் நான்கு உறவு, நான்கு மரியாதை. 'வே' என்பதில் உரிமையும் உண்டு, மதிப்பும் உண்டு. 'லே' நண்பனிடம் பாசம், அந்நியனிடம் வம்பு. யார் யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற கணக்கு பிசகினால் அடிதடி வரை போகும். அந்தக் கணக்கைத் தெரியாமல் 'ஏலே'யை அள்ளித் தெளிக்கிற நடிகர், அந்த ஊரின் மரியாதை முறையையே தவறாகக் காட்டிவிடுகிறார். பேச்சில் பிழை என்று நாம் சொல்வது உச்சரிப்பை மட்டுமல்ல. மனிதர்கள் ஒருவருக்கொருவர் யார் என்பதில் நேரும் பிழை அது.

பாபநாசமும் பரியனும்

இந்தக் கணக்கை மதித்து எடுத்த படம் 2015 ஜூலையில் வந்த 'பாபநாசம்'. மலையாள 'த்ருஷ்ய'த்தைத் தமிழில் எடுக்கும்போது ஜீத்து ஜோசப்பும் கமல்ஹாசனும் கதையைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயமோகன் வசனம் எழுத, திருநெல்வேலிக்காரரான எழுத்தாளர் சுகா நெல்லைப் பேச்சுக்குத் துணை நின்றார். கமல் இதற்கு முன்பே 'தெனாலி'யில் (2000) யாழ்ப்பாணத் தமிழுக்கு இலங்கை ஒலிபரப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீதின் உதவியைப் பெற்றவர். பரமக்குடியில் பிறந்த நடிகர் கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கமாக நம்பும்படி நின்றதற்கு, தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளும் அந்தப் பணிவுதான் காரணம்.

2018-இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' இன்னும் ஒரு படி போனது. பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞரான தந்தையின் பாத்திரத்துக்கு, உண்மையிலேயே அந்தக் கலையில் வாழ்ந்த தங்கராஜை அழைத்து வந்தார் இயக்குநர். அந்தத் தகப்பன் பேசும் சில வாக்கியங்களில் எழுதிக் கொடுத்துப் பழக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் குனிந்து பேசிப் பழகிய ஒரு குரலின் தயக்கம் அது. வட்டாரப் பேச்சுக்குள் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன, ஒரே ஊருக்குள்ளும் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதைத் தமிழ்த் திரை அந்தக் குரலில் கேட்டது.

தென்காசியின் முறை

'பாபநாசம்' வந்துவிட்டது, நெல்லைத் தமிழ் வந்துவிட்டது என்று நாம் நிறைவடைந்துவிடக் கூடாது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்குத் தனிப் பேச்சு உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. சங்கரன்கோவில் பக்கம் கரிசல்காட்டின் பேச்சு தொடங்கிவிடும். செங்கோட்டை தாண்டிப் புளியரைக்குப் போனால் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளம் சொல்லிலும் ராகத்திலும் கலக்கும். கடையநல்லூர் முஸ்லிம்களின் தமிழுக்குத் தனி நயம் உண்டு. அந்தத் தமிழ் சிங்கப்பூர் வரை போய், 1941-இல் அங்கே தனக்கென்று ஒரு சங்கம் கண்டது. இத்தனையையும் 'நெல்லைத் தமிழ்' என்று ஒரே மூட்டையில் கட்டுவது, முன்பு எல்லாத் தமிழையும் மேடைத் தமிழில் கட்டியதன் சிறிய வடிவம்தான்.

இயக்குநர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமல்ல. தென்காசியில் கதை வைத்தால் தென்காசியில் பேசத் தெரிந்த ஒருவரைத் திரைக்கதை எழுதும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள். டப்பிங் அறைக்கும் அவரை அழையுங்கள். படத்தின் தொடக்கத்தில், சண்டைப் பயிற்சியாளருக்குப் பெயர் போடுவதுபோல, பேச்சுப் பயிற்சி கொடுத்தவருக்கும் பெயர் போடுங்கள். கி.ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி தொகுத்ததுபோல, தென்காசி வட்டாரத்தின் பெரியவர்கள் பேசுவதை நம் கல்லூரிகள் ஒலியாகவே பதிவு செய்யட்டும். அச்சில் சொல் நிற்கும், ராகம் நிற்காது. கிட்டப்பாவின் பேச்சை இழந்துவிட்டோம். இன்றைக்கு எழுபது வயதில் இருக்கிற ஆச்சிகளின் பேச்சை இழக்க நமக்கு எந்தச் சாக்கும் இல்லை, எல்லோர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது.

நடிகர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கட்டும். டார்ஜிலிங்கில் பிறந்தவர் ஜார்ஜியாப் பெண்ணானார், பரமக்குடிக்காரர் சுயம்புலிங்கமானார். இருவரும் செய்தது ஒன்றே: ஊர்க்காரரிடம் போய்க் கேட்டார்கள். குற்றாலத்துக்குப் படமெடுக்க வருகிற அடுத்த குழு அருவியைப் பார்ப்பதற்கு முன், பஜாரில் அரை நாள் நின்று கேட்கட்டும்.

அடுத்த வாரம்: தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு 'சகோதரி' படத்தில் பால்காரராக வந்து சென்னைத் தமிழுக்குத் தேடிக் கொடுத்த புகழ்.

(தொடரும்)